எல்கேஜி முதல் பிளஸ் 1 வரை: தனியார் பள்ளி சீட் வயதுக்கு வயது ஏன் மாறுகிறது?

"எல்கேஜியில விட்டுட்டா அவ்வளவுதான், அப்புறம் அந்த ஸ்கூல் பக்கமே போக முடியாது." "அதெல்லாம் இல்ல, ஆறாவதுல ஈஸியா கிடைக்கும்." "ஆறு மாசம்தான குறையுது? எப்படியாவது இந்த வருஷமே சேர்த்துடுங்க." டிசம்பர், ஜனவரி வந்தால் சென்னையின் அபார்ட்மென்ட் வாசல்களிலும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களிலும் இந்த மூன்று பேச்சும் தவறாமல் கேட்கும். முதல் இரண்டில் பாதி உண்மை இருக்கிறது. மூன்றாவதை நம்பினால், பதினான்கு வருடம் கழித்து ஒரு சிக்கல் வரலாம். அது எப்படி என்று பிறகு பார்ப்போம்.

கடும் போட்டி உள்ள தனியார் பள்ளியில் இடம் கிடைப்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. அந்த வகுப்பில் எத்தனை இடம் காலி? அந்த வயதுக் குழந்தையிடம் பள்ளி எதை வைத்துத் தேர்வு செய்ய முடியும்? குழந்தை வளர வளர இரண்டுக்கும் பதில் மாறும். மூன்று வயதுக்குச் சொன்ன ஆலோசனை பத்து வயதுக்கு உதவாமல் போவது இதனால்தான்.

கிளாம்பாக்கத்தில் ஏறுவதும் விழுப்புரத்தில் ஏறுவதும்

கிளாம்பாக்கத்திலிருந்து மதுரைக்குக் கிளம்பும் பேருந்தை எடுத்துக்கொள்வோம். கிளம்பும் இடத்தில் எல்லா இருக்கையும் காலியாகத்தான் தெரியும், ஆனால் பல இருக்கைகள் முன்பதிவில் போயிருக்கும். மிச்சத்துக்குத்தான் அடிதடி. விழுப்புரத்தில் ஏறுபவருக்கு யாராவது இரண்டு பேர் இறங்கினால் உண்டு. திருச்சியில் ஒரு கூட்டம் இறங்கும், இன்னொரு கூட்டம் ஏறும்.

பள்ளியும் இப்படித்தான். புதிய மாணவர்களை மொத்தமாகச் சேர்க்கத் தொடங்கும் வகுப்புக்கு நுழைவு வகுப்பு என்று பெயர். தமிழ்நாட்டில் பெரும்பாலான தனியார் பள்ளிகளுக்கு அது எல்கேஜி. சில பள்ளிகள் இரண்டரை வயதுக் குழந்தைகளுக்கான ப்ரீ-கேஜியிலேயே கதவைத் திறந்துவிடுகின்றன. அங்கே எல்கேஜி என்பது ஏற்கெனவே விழுப்புரம். ஆகவே பள்ளி அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது "எல்கேஜி ஃபார்ம் எப்போ தருவீங்க?" என்பதல்ல. "உங்க பள்ளியில் புதுசா சேர்க்கிற முதல் வகுப்பு எது? போன வருஷம் எல்கேஜியில் வெளியிலிருந்து எத்தனை பேரைச் சேர்த்தீங்க?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் தரும் பள்ளியிடம் மற்ற பதில்களும் பெரும்பாலும் நேராகவே வரும்.

கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு பள்ளியில் எல்கேஜியில் நான்கு பிரிவுகள், பிரிவுக்கு 30 பேர், மொத்தம் 120 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி நுழைவு வகுப்பின் இடங்களில் 25 சதவீதம், அதாவது 30 இடம், நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினரின் குழந்தைகளுக்கு. மீதி 90. அதில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைகளின் தம்பி, தங்கைகளுக்கு 30, ஆசிரியர், ஊழியர் பிள்ளைகளுக்கு 6 போனால் 54 மிஞ்சும். "120 சீட்" என்று கேள்விப்பட்டு வரிசையில் நிற்பவர் உண்மையில் போட்டியிடுவது இந்த 54-க்கு.

அடுத்த ஆண்டு அதே 120 குழந்தைகள் யூகேஜிக்குப் போவார்கள். வேலை மாற்றத்தால் ஐந்து குடும்பம் ஊரை விட்டுப் போனால் ஐந்து இடம். "இந்த வருஷம் கிடைக்கல, அடுத்த வருஷம் யூகேஜியில பாத்துக்கலாம்" என்று சொல்பவர் 54 இடத்தை விட்டுவிட்டு ஐந்துக்குக் காத்திருக்கிறார்.

சுருக்கமாக: நுழைவு வகுப்பில் இடம் அதிகம், அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பேசி முடிந்தது. அடுத்த வகுப்பில் யாராவது போனால்தான் இடம்.

வயது கணக்கிடும் தேதி

நம் ஊரில் "கட்-ஆஃப்" என்றதும் மதிப்பெண்தான் நினைவுக்கு வரும். எல்கேஜியில் அது ஒரு தேதி: குழந்தைக்கு மூன்று வயது எந்த நாளுக்குள் நிரம்பியிருக்க வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் பொதுவாகப் பின்பற்றப்படுவது ஜூலை 31. அன்றைக்கு எல்கேஜிக்கு 3, முதல் வகுப்புக்கு 5 முடிந்திருக்க வேண்டும். சில சிபிஎஸ்இ பள்ளிகள் மார்ச் 31, மே 31 போன்ற வேறு தேதிகளை வைத்துக்கொள்கின்றன.

ஒரே குழந்தை, இரண்டு பள்ளி. 2023 ஜூன் 20 அன்று பிறந்த குழந்தைக்கு 2026 ஜூலை 31 அன்று 3 வயது 1 மாதம் ஆகியிருக்கும். ஜூலை 31 தேதி வைத்திருக்கும் பள்ளியில் 2026-27 எல்கேஜிக்குத் தகுதி உண்டு. மார்ச் 31 வைத்திருக்கும் பள்ளியில் அதே குழந்தைக்கு 2 வயது 9 மாதம்தான். ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 2 அன்று பிறந்த குழந்தைக்கோ இரண்டு நாளில் ஒரு முழு வருடம் தள்ளிப் போய்விடும். இது அநியாயமாகத் தெரியும். ஆனால் எல்லைக்கோட்டை எங்கே வரைந்தாலும் அதற்கு அடுத்த நாள் பிறந்த குழந்தை ஒன்று இருக்கத்தான் செய்யும்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முதல் வகுப்புக்கு 6 வயது என்கிறது. கேந்திரிய வித்யாலயாக்கள் 2022-23 முதல் மார்ச் 31 அன்று 6 முடிந்திருக்க வேண்டும் என்று மாறிவிட்டன. தமிழ்நாட்டில் நடைமுறையில் இருப்பது 5. மத்திய அரசு வேலையில் இருந்து, பிள்ளையைப் பிறகு கேந்திரிய வித்யாலயாவுக்கு மாற்றலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வருட இடைவெளியை இப்போதே கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

25 சதவீத ஒதுக்கீட்டில் தேதிக்கு இரண்டு முனை உண்டு. 2024-25 எல்கேஜிக்கு 1.8.2020 முதல் 31.7.2021 வரை பிறந்தவர்கள் என்று அறிவிக்கப்பட்டது. வயது குறைந்தாலும் தகுதி இல்லை, கூடினாலும் இல்லை. ஜூலையில் பிறந்த பிள்ளையைக் "கொஞ்சம் பெருசாகட்டும்" என்று ஒரு வருடம் நிறுத்தி வைப்பது சில குழந்தைகளுக்கு நல்ல முடிவுதான். ஆனால் இந்த ஒதுக்கீட்டை நம்பியிருக்கும் குடும்பம் அப்படி நிறுத்தினால் எல்கேஜி வாய்ப்பு முழுசாகப் போய்விடும். நலிவடைந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள், வீடு பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் என்பவை மற்ற நிபந்தனைகள். விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகமானால் குலுக்கல். ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: இந்த ஒதுக்கீட்டில் கிடைக்கும் இலவசக் கல்வி எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்தப் பள்ளியின் கட்டணத்தைக் கட்ட வேண்டும்.

ஆறு மாதம் முன்னால் தள்ளினால்

தொடக்கத்தில் சொன்ன சிக்கல் இதுதான். மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு எழுத, கல்லூரியில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 15 அன்று பிறந்த குழந்தையை எப்படியோ பேசி 2026 ஜூனில் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை பிளஸ் 2 முடிப்பது 2038-இல். அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று வயது 16 வருடம் 11 மாதம். இரண்டு வாரம் குறைந்ததற்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும். ஜூலை 31 கணக்குப்படி சேரும் பிள்ளைக்கு, அது வகுப்பிலேயே சின்னதாக இருந்தாலும், இந்தத் தொல்லை வராது.

இதற்காகப் பிறந்த தேதியை மாற்றிச் சான்றிதழ் "ஏற்பாடு" செய்துகொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது, பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு ஒப்பிடும்போது, வேலையில் சேரும்போது என்று அது வாழ்நாள் முழுக்கத் துரத்தும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான் என்று சட்டமே திருத்தப்பட்டுவிட்டது. உங்கள் சான்றிதழில் குழந்தையின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். மருத்துவமனையில் பெயர் வைக்காமல் பதிவு செய்துவிட்டு, விண்ணப்ப வாரத்தில் மாநகராட்சி அலுவலகத்துக்கு ஓடுவது ஆண்டுதோறும் நடக்கிறது.

மூன்று வயதில் பதினோரு மாதம் என்பது எவ்வளவு?

ஒரே எல்கேஜி வகுப்பில் 36 மாதக் குழந்தையும் 47 மாதக் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். பெரியது சின்னதைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறது. பேச்சு, பென்சில் பிடிப்பது, அம்மாவை விட்டு ஒரு மணி நேரம் இருப்பது என எல்லாவற்றிலும் அந்த வித்தியாசம் தெரியும். முதல் வகுப்பில் அதே 11 மாதம் 18 சதவீதமாகச் சுருங்கும். ஆறாம் வகுப்பில் 9. பிளஸ் 1-இல் 6.

எல்கேஜி சேர்க்கையின்போது சில பள்ளிகள் நடத்தும் "இன்டராக்ஷன்", அதாவது குழந்தையையும் பெற்றோரையும் அழைத்துப் பத்து நிமிடம் பேசுவது, இதனால்தான் நம்பகமான அளவுகோல் ஆவதில்லை. நிறம் சொல்லாத குழந்தை மக்கு என்று அர்த்தமில்லை. ஜூலையில் பிறந்ததாக இருக்கலாம், அல்லது தூக்கக் கலக்கமாக இருக்கலாம். பிறந்த மாத வாரியாகக் குழந்தைகளை அழைத்துப் பார்ப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. இரண்டரை வயதில் "எல்கேஜி இன்டர்வியூ கோச்சிங்" என்று பணம் கட்டுபவர்கள், மூன்று மாதத்தில் தானாக வரப்போவதை விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

சுருக்கமாக: தேதி தகுதியை மட்டும் சொல்கிறது. அந்தத் தேதிக்கு எவ்வளவு அருகில் பிறந்தது என்பது சின்ன வகுப்புகளில் குழந்தை எப்படித் தெரிகிறது என்பதை மாற்றுகிறது, பெரிய வகுப்புகளில் கரைந்துவிடுகிறது.

பள்ளி எதை அளக்கலாம், எதை அளக்கக் கூடாது

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 13, இரண்டு விஷயங்களைத் தடுக்கிறது. ஒன்று, நன்கொடை: அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் வாங்கும் பணம். வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரை அபராதம். மற்றது, வடிகட்டல்: குலுக்கல் போன்ற தற்செயல் முறை தவிர, ஒரு குழந்தையை விட்டு இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கும் எந்த முறையும். முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை, அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம்.

இதில் இரண்டு ஓட்டைகள். சட்டம் பேசுவது 6 முதல் 14 வயதுக் குழந்தைகளைப் பற்றி. எல்கேஜிக்கு 25 சதவீத ஒதுக்கீடு தெளிவாகப் பொருந்துகிறது. மற்ற 75 சதவீதத்துக்கு மூன்று வயதில் வடிகட்டல் தடை அதே தெளிவோடு பொருந்துவதில்லை. இரண்டாவது, 2014-இல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளை இந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. சென்னையில் பெயர் பெற்ற பல பள்ளிகள் கிறிஸ்தவ நிறுவனங்கள் நடத்துபவை. அங்கே 25 சதவீத ஒதுக்கீட்டைத் தேடிப் பயனில்லை. அந்த விண்ணப்பத்தை வேறு பள்ளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகுப்பு முதல் ஐந்து வரை

இங்கே சொல்ல அதிகம் இல்லை. ஊரை விட்டுப் போகும் குடும்பங்கள் விடும் இடம்தான் உண்டு, அது தெரிய வருவது ஏப்ரல், மே மாதங்களில். ஜனவரியில் "வேகன்சி இல்லை" என்று சொன்ன அலுவலகத்தில் மே மாதம் மறுபடி கேளுங்கள். அதே ஆள் வேறு பதில் சொல்லலாம், இரண்டு முறையும் உண்மையாகவே.

ஆறாம் வகுப்பு: "ஈஸி" என்பது எந்தப் பள்ளியில்?

சில பள்ளிகள் ஆறாம் வகுப்பில் ஒரு புதிய பிரிவைத் திறக்கும். சிபிஎஸ்இ பிரிவுக்கு 40 பேர் என்று வரையறுத்திருப்பதால், அது ஒரேயடியாக 40 வெளி இடம். தொடக்கப் பள்ளியில் பிரிவுக்கு 30 பேர் வைத்துக்கொண்டு, ஆறாவதிலிருந்து அதை 35 அல்லது 40 ஆக்கும் பள்ளிகளும் உண்டு. இந்த இரண்டில் ஒன்று நடக்கும் பள்ளியில் மட்டும்தான் "ஆறாவதில் கிடைக்கும்" என்ற பேச்சு உண்மை. நான்கு பிரிவும் நிரம்பி அப்படியே மேலே போகும் பள்ளியில் ஆறாவதும் நான்காவதைப் போலத்தான். அட்மிஷன் அலுவலகத்தில் கேட்க வேண்டியது ஒன்றே: "ஐந்தாவதில் எத்தனை பிரிவு, ஆறாவதில் எத்தனை?"

குழந்தைக்குப் பத்து, பதினோரு வயது. எழுதத் தெரியும், கணக்குப் போடத் தெரியும். எனவே பல பள்ளிகள் "நிலை அறியும் தேர்வு" என்று ஒன்று வைக்கின்றன: தமிழ் அல்லது இந்தி, ஆங்கிலம், கணக்கு. சேர்ந்த பிறகு எதில் உதவி தேவை என்று அறியவே இந்தத் தேர்வு என்பார்கள். ஆனால் சட்டத்தின் வடிகட்டல் தடை எட்டாம் வகுப்பு வரை இருக்கிறது. தேர்வைக் காரணம் காட்டி இடம் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்கலாம். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள். அந்தத் தயக்கமே நிலைமையைச் சொல்லிவிடும்.

இந்த வகுப்பில் பிள்ளைகள் தடுமாறுவது கணக்கில் அல்ல, மொழியில். பெங்களூரிலோ மும்பையிலோ படித்துவிட்டு வரும் குழந்தை தமிழ் எழுத்தே அறியாமல் இருக்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பில் தமிழ் கட்டாயம். இதற்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி 2015-16-இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. ஆறாவதில் சேர்ந்தால் தமிழ் கற்க ஐந்து ஆண்டு கையில் உண்டு. ஒன்பதாவதில் சேர்ந்தால் இரண்டு. வெளி மாநிலத்திலிருந்து திரும்பப் போகும் குடும்பம் எந்த ஆண்டு கிளம்புவது என்று யோசிக்கும்போது, சம்பளத்தோடு இதையும் தராசில் வைக்கலாம்.

ஒன்பதும் பத்தும்: அடைத்த கதவு

சிபிஎஸ்இயில் ஒன்பதாம் வகுப்பிலேயே மாணவரின் பெயர் வாரியத்தில் பதிவாகிறது. ஒன்பதும் பத்தும் சேர்ந்து ஒரே இரண்டாண்டுப் படிப்பு. பத்தாம் வகுப்பில் நேரடியாகச் சேர, பெற்றோரின் பணி மாறுதல், குடும்பம் இடம்பெயர்தல், கடுமையான உடல்நலக் குறைவு போன்ற காரணத்தை ஆவணத்தோடு காட்டி வாரியத்தின் ஒப்புதல் பெற வேண்டும். "இந்த ஸ்கூல் பிடிக்கல" என்பதற்கு அங்கே இடமில்லை.

சட்டத்தின் எட்டாம் வகுப்பு எல்லை முடிந்துவிட்டதால் ஒன்பதில் நுழைவுத் தேர்வு வைக்கப் பள்ளிக்குத் தடை இல்லை. ஆனாலும் பல பள்ளிகள் இந்த வகுப்பில் புது ஆளைச் சேர்க்கவே தயங்கும். காரணம் எளிது: பத்தாம் வகுப்பு ரிசல்ட் போஸ்டர். தாங்கள் வளர்க்காத பிள்ளையின் மதிப்பெண் தங்கள் சராசரியில் விழுவதை அவர்கள் விரும்புவதில்லை.

ஒன்பதாம் வகுப்புப் பதிவுப் படிவம் வீட்டுக்கு வரும்போது பெயரின் எழுத்து, இனிஷியல், பிறந்த தேதி ஆகியவற்றைப் பிறப்புச் சான்றிதழோடு வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு திருத்த முயல்வது மாதக்கணக்கில் இழுக்கும்.

பிளஸ் 1: திருச்சி நிறுத்தம்

பேருந்தில் பாதி இறங்கும் இடம் இது. சிபிஎஸ்இயிலிருந்து மாநிலப் பாடத்திட்டத்துக்கும், அங்கிருந்து இங்கேயும், நீட், ஜேஇஇ பயிற்சியோடு சேர்த்து நடத்தும் பள்ளிகளுக்கும் பிள்ளைகள் கலைவார்கள். பிரிவுகளும் குரூப் வாரியாகப் புதிதாகப் பிரிக்கப்படும். எல்கேஜிக்கு அடுத்து அதிக இடம் திறப்பது பிளஸ் 1-இல்தான். எல்கேஜியில் கிடைக்காத பள்ளி இங்கே கிடைப்பது சாதாரணம்.

இப்போது அளவுகோல் மதிப்பெண். "பள்ளியில் சீட்" என்று இங்கே தேடுவது தப்பு. குரூப்பில் சீட் தேட வேண்டும். கணிதம்-உயிரியல் குரூப் நிரம்பிய அதே பள்ளியில் வணிகவியல் குரூப்பில் இடம் கிடக்கலாம். அதே பள்ளி மாணவர்களுக்கு முதல் உரிமை தந்துவிட்டு, மிச்சத்தை வெளி மாணவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் எல்லையோடு திறப்பது வழக்கம். சிபிஎஸ்இ பிள்ளையாக இருந்தால் பத்தாவதில் கணிதத் தேர்வின் இரண்டு நிலைகளில் கடினமான ஸ்டாண்டர்டு எழுதினாரா, எளிதான பேசிக் எழுதினாரா என்று கேட்பார்கள். பேசிக் எழுதியவருக்குக் கணித குரூப் கிடைப்பது கடினம், அந்த முடிவோ ஒன்பதாவது, பத்தாவதிலேயே எடுக்கப்பட்டிருக்கும்.

காலமும் மாறிவிட்டது. பத்தாம் வகுப்பு முடிவுகள் மே மாதம் வரும், ஆனால் பல பள்ளிகள் அரையாண்டு அல்லது ரிவிஷன் தேர்வு மதிப்பெண்ணை வைத்து ஜனவரி, பிப்ரவரியிலேயே தற்காலிக இடம் தந்து பணம் வாங்கிவிடுகின்றன. பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: இறுதி மதிப்பெண் குறைந்தால் குரூப் மாறுமா, இடம் வேண்டாமென்றால் எவ்வளவு திரும்பும், கட்டிய தொகை கட்டண நிர்ணயக் குழு அனுமதித்த கட்டணத்தில் சேருமா.

மாற்றுச் சான்றிதழை, அதாவது டிசியை, புதிய பள்ளியின் கட்டண ரசீது கைக்கு வந்த பிறகே வாங்குங்கள். டிசி கொடுத்த மறுநாள் பழைய பள்ளி உங்கள் இடத்தை வேறொருவருக்குத் தந்துவிடலாம். காகிதம் மட்டும் போதாது. பழைய பள்ளி எமிஸ் தளத்தில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில், பிள்ளையின் பதிவை காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி அதை எடுத்துச் சேர்க்க முடியும். கட்டண பாக்கியைக் காட்டி டிசியை நிறுத்தி வைக்கக் கூடாது, டிசியில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. டிசி வாங்கும் அன்றே, அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன், எமிஸில் விடுவித்துவிட்டார்களா என்று திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள்.